கேட்டலும் கீழ்ப்படிதலும்: சேர்வராயன் மலை சொல்லும் வரலாறு

கீழ்ப்படிதல் என்னும் சொல் இன்று நம் மக்களின் செவிக்கு இனிமையாக ஒலிப்பதில்லை. இளைஞர் அதைக் கேட்டால் முகம் சுளிக்கின்றனர். பெண்கள் அச்சொல்லில் தங்கள் மேல் சுமத்தப்பட்ட பழைய சுமையின் நிழலைக் காண்கின்றனர். தலைமுறை தலைமுறையாகப் பிறருடைய நிலத்தில் உழைத்த மக்களுக்கோ அது கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் அடிமை வாழ்வை நினைவூட்டுகிறது. ஆயினும் நம் விசுவாச வாழ்வின் மையத்தில் இச்சொல் இருக்கிறது. சாவை ஏற்கும் அளவுக்குக் கிறிஸ்து கீழ்ப்படிந்தார் என்று பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதுகிறார். துன்பங்களின் வழியாக அவர் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று எபிரேயர் திருமுகம் கூறுகிறது. கசந்துபோன ஒரு சொல்லையும் மீட்பைத் தந்த ஒரு வாழ்வையும் நாம் எவ்வாறு ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பது?

இவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சேலம் மறைமாவட்டத்தின் வடபுறத்தே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலையும், அதன் மேல் அமைந்த ஏற்காடும், அம்மலையடிவாரச் சமவெளியும் நமக்கு ஒரு வரலாற்றைச் சொல்லுகின்றன. கோடை விடுமுறையில் ஏரியையும் மலர்க் கண்காட்சியையும் கண்டு திரும்புவோர் பலர். அம்மலையோடு தொடர்புடைய மூன்று மனிதரின் வரலாற்றை அறிந்து திரும்புவோர் சிலரே.

மலையும் தோட்டமும்

சேர்வராயன் மலையின் முதல் குடிகள் மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்கள். இப்பெயர் கேரளத்தைக் குறிப்பதன்று. மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்பதே பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்னும் மரபுக்கதை அவர்களிடையே உண்டு. மலையின் உச்சியில், கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கும் மேலே, குகைக் கோயிலில் உறையும் சேர்வராயனின் பெயரையே மலையும் தாங்கி நிற்கிறது.

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைக் கொண்டுவந்தார். அதன்பின் காடு சிறுகச் சிறுகத் தோட்டமாயிற்று. தோட்டத்துக்குத் துரைமார் வந்தனர். அவர்களுக்கு உழைக்கச் சமவெளியிலிருந்து மக்கள் அழைத்து வரப்பட்டனர். முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் மேஸ்திரிகளின் காலம் அது. ஆங்கில அரசு 1859இல் இயற்றிய 13ஆம் சட்டத்தின்படி, முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையைவிட்டு நீங்கினால் அது குற்றமாகக் கருதப்பட்டது. நடுவர் முன் நிறுத்தி அவனுக்குச் சிறைத் தண்டனையும் விதிக்கலாம். கடனைத் திருப்பித் தராதவன்மீது உரிமையியல் வழக்குத் தொடுப்பது உலக வழக்கம். இங்கோ உழைக்க மறுத்தவன் குற்றவாளியானான். தென்னிந்தியத் தோட்டங்களில் பெரிதும் பயன்பட்ட இச்சட்டத்தை நீக்க 1925ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றைக் குறித்த தனிச் சட்டம் 1951இல்தான் பிறந்தது.

இதை நாம் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மலைப் பகுதியிலும் சமவெளியிலும் நம் ஆலயங்களில் அமர்ந்து இறைவாக்கைக் கேட்கும் மக்களுள் பலர் இத்தகைய உழைப்பாளரின் பேரப் பிள்ளைகள். அவர்களிடம் கீழ்ப்படியுங்கள் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், அவர்கள் காதில் விழுவது துரையின் குரலாக இருக்குமேயன்றி ஆண்டவரின் குரலாக இராது. ஆகவே, நாம் பேசும் கீழ்ப்படிதல் எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

நம் தாய்மொழியே இதற்கு ஒரு திறவுகோலைத் தருகிறது. கீழ்ப்படிதல் என்பது ஏட்டில் எழுதும் சொல். வீட்டில் நாம் வழங்குவது வேறு. "என் பிள்ளை சொன்னால் கேட்பான்" என்கிறாள் தாய். "பெரியவர் பேச்சைக் கேள்" என்கிறோம். கேட்டல் என்னும் ஒரே சொல்லால் செவியுறுவதையும் அதன்படி நடப்பதையும் நாம் குறிக்கிறோம். திருநூலின் மொழிகளும் அவ்வாறே அமைந்துள்ளன. இஸ்ரயேலர் நாள்தோறும் ஓதிய மன்றாட்டின் முதற்சொல்லான 'ஷெமா' என்பதற்குக் 'கேள்' என்று பொருள். புதிய ஏற்பாட்டில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் கேட்டல் என்னும் வேரிலிருந்து கிளைத்ததே. கீழ்ப்படிதலுக்குச் செவியே தொடக்கம். செவியின்றி முதுகு மட்டும் வளைந்தால் அது அச்சம். செவி கேட்டும் கால் நகராவிட்டால் அது வெறும் பக்தி.

காத்திருந்த தத்துவ போதகர்

இம்மலையடிவாரத்தில் கிறிஸ்தவ மறையின் தொடக்கம் 1623ஆம் ஆண்டோடு இணைந்தது. அவ்வாண்டில்தான் தத்துவ போதகர் என்று தமிழ் மக்கள் அழைத்த இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டுச் சேந்தமங்கலம் வழியாகச் சேலத்தை அடைந்தார். அந்நகரில் தங்குவதற்கு இடம் தருவாரில்லை. பல நாட்கள் வழிப்போக்கர் தங்கும் திறந்த சத்திரமே அவருக்கு வீடாயிற்று, நோயும் வந்தது. ஆயினும் அவர் ஊரைவிட்டு அகலவில்லை. பின்னர்ச் சேந்தமங்கலத்து ஆட்சிக் குடும்பத்தைச் சேர்ந்த திருமங்கல நாயக்கர் அவரிடம் மறைபோதனை பெற்றார். மோரமங்கலத்தில் கிறிஸ்தவச் சமூகம் ஒன்று உருவாயிற்று.

சேலத்துக்கு வந்த இம்மனிதர் அதற்கு முன் எதைக் கடந்து வந்தார் என்பதையும் நாம் நோக்க வேண்டும். 1577இல் உரோமையில் உயர்குடியில் பிறந்த அவர், 1606இல் மதுரைக்கு வந்தார். காவியுடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்று, இந்நாட்டு மக்களின் வழக்கங்களோடு இயைந்து மறையைப் போதித்தார். 1610இல் அவருடன் ஒரே இல்லத்தில் வாழ்ந்த இயேசு சபைக் குருவானவரே அவர்மேல் குற்றம் சாட்டி எழுதினார். வழக்கு கோவாவுக்கும் உரோமைக்கும் சென்றது. சபைத் தலைவரின் கட்டளையால் அவரது பணி கட்டுப்படுத்தப்பட்டது. புதியவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் தடைப்பட்டது. தம் நெஞ்சுக்குச் சரியெனத் தோன்றிய பணியை நிறுத்தி வைத்து, மேலிடத்தின் தீர்ப்புக்காகக் காத்திருப்பது ஒரு மறைபணியாளருக்கு எத்தகைய வேதனை!

அவர் என்ன செய்தார்? கட்டளையை மீறவில்லை, வாய் மூடிச் சோர்ந்தும் போகவில்லை. தம் நிலைப்பாட்டை விளக்கி இலத்தீனில் விரிவான நூல்களை எழுதினார். 1619இல் கோவாவில் கூடிய மாநாட்டில் நேரில் நின்று எடுத்துரைத்தார். இறுதியில் 1623 சனவரி 31இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் வெளியிட்ட ஆணை, அவரது முறைக்குப் பெரும்பாலும் இசைவு தந்தது. அவ்வாண்டிலேயே அவர் சேலத்து மண்ணை மிதித்தார்.

தத்துவ போதகரின் முறை சாதி வேறுபாட்டுக்கு இடம் கொடுத்தது என்னும் குறையை இன்று நம் தலித் கிறிஸ்தவர்கள் வேதனையோடு சுட்டிக்காட்டுகின்றனர். அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. அதன் காயம் இன்னும் ஆறவில்லை. ஆயினும் அவரிடமிருந்து ஒரு பாடத்தைக் கற்கலாம். கீழ்ப்படிவோர் தம் அறிவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை. பணிவோடு எடுத்துரைப்பதும் கீழ்ப்படிதலின் பகுதியே.

இடிக்கப்பட்ட கல்வாரி

ஏற்காட்டில் மோன்போர்ட் பள்ளி 1917இல் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்கள் புனித கபிரியேல் சகோதரர்கள். பிரான்சு நாட்டில் துறவற சபைகளுக்கு எதிராக எழுந்த சட்டங்கள் நூற்றுக்கணக்கான பள்ளிகளை மூடச் செய்த காலத்தில், 1903இல், அவர்கள் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தனர். சொந்த நாட்டில் கதவு மூடப்பட்டதால் நமக்கு ஒரு கதவு திறந்தது.

அப்பள்ளியின் பெயரில் விளங்கும் புனித லூயிஸ் மரிய மோன்போர்ட் 1673இல் பிறந்து 1716இல் இறந்தவர். இளமையிலிருந்தே தொலைநாட்டு மறைபணிக்குச் செல்ல வேண்டும் என்பது அவரது தீராத ஆவல். 1706இல் உரோமைக்கு நடந்தே சென்று, திருத்தந்தை பதினோராம் கிளமெண்டைக் கண்டு, தம்மை அனுப்புமாறு வேண்டினார். திருத்தந்தையோ, பிரான்சுக்கே திரும்பிச் சென்று, அந்தந்த ஆயருக்குக் கீழ்ப்படிந்து, சிற்றூர்களில் மறையுரையாற்றுமாறு பணித்தார். மோன்போர்ட் திரும்பி நடந்தார். அதன்பின் அவர் தொலைநாட்டு மறைபணிக்குச் செல்லவேயில்லை.

அதனினும் கடியதொரு சோதனை 1710இல் வந்தது. பொன்சாத்தோ என்னும் ஊரில் மாபெரும் கல்வாரி மலை ஒன்றை எழுப்ப அவர் மக்களை அழைத்தார். ஓராண்டுக்கு மேலாக ஆயிரக்கணக்கான ஏழை எளியோர் கூலியின்றி மண் சுமந்தனர். செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா, மந்திரிப்புக்கு நாள் குறிக்கப்பட்டது. முந்தின நாள் ஆயரிடமிருந்து ஆணை வந்தது: மந்திரிக்கக் கூடாது. மோன்போர்ட் இரவெல்லாம் நடந்து நாந்து நகரத்தை அடைந்து ஆயரிடம் மன்றாடினார். பயனில்லை. பகைவர் படை வந்திறங்கினால் அக்குன்று அவர்களுக்குக் கோட்டையாகும் என்று அரசனிடம் யாரோ ஓதியிருந்தனர். கல்வாரியை இடித்துத் தள்ளுமாறு அரச கட்டளை வந்தது. மண் சுமந்த மக்களே மண்ணை அகற்ற வேண்டியதாயிற்று.

மோன்போர்ட் கலகம் செய்யவில்லை, எவரையும் தூற்றவில்லை, தியானம் செய்யச் சென்றார். கல்லாலும் மண்ணாலும் கட்டிய கல்வாரி போனால், நெஞ்சங்களில் அதைக் கட்டலாம் என்பது அவரது உறுதி. அவருக்குப்பின் ஒரு நூற்றாண்டு கடந்து, 1821 முதல் கபிரியேல் தெஷாய் என்னும் குருவானவர் அவர் தொடங்கிய சகோதரர் குழுவுக்குப் புத்துயிர் அளித்தார். அச்சகோதரர்களே உலகெங்கும் சென்றனர். 1706இல் தொலைநாட்டுக்குச் செல்ல இசைவு பெறாமல் திரும்பியவரின் பெயர், 211 ஆண்டுகளுக்குப் பின் ஏற்காட்டு மலைமேல் ஒரு பள்ளியின் வாசலில் எழுதப்பட்டது. இறைவன் நம் விருப்பத்துக்கு 'இல்லை' என்று சொல்லும்போது, அவ்விருப்பத்தையே அவர் அழித்துவிட்டார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். அவர் அதை விதையாக மண்ணுள் வைத்திருக்கவும் கூடும்.

'இல்லை' என்று சொன்ன அன்னை

மூன்றாவது வரலாறு ஒரு பெண்ணின் வரலாறு. மோன்போர்ட் பள்ளிக்கு முன்னரே, 1894இல், ஏற்காட்டில் திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளி தொடங்கப்பட்டது. அதை நடத்துவோர் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர். அச்சபையினர் புதுச்சேரிக்கு வந்தது 1827இல். சபையை நிறுவியவர் அன்னை ஆன் மரி ஜவுகே.

1779இல் பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். புரட்சிக் காலத்தில் குருக்களை மறைத்து வைத்துக் காத்த வீரப்பெண் அவர். 1807இல் சபை உருவாயிற்று. இறைவனின் திருவுளம் என்பதே அவர் தம் சகோதரிகளுக்கு விட்டுச் சென்ற தாரக மந்திரம். தென்னமெரிக்கப் பிரெஞ்சுக் கயானாவில் மானா என்னுமிடத்தில் அவர் குடியேற்றம் ஒன்றை அமைத்தார். விடுதலைக்குக் காத்திருந்த ஆப்பிரிக்க அடிமைகள் ஏறத்தாழ 500 பேரை அரசு அவர் பொறுப்பில் ஒப்படைத்தது. அவர்களை விடுதலை வாழ்வுக்கு ஆயத்தம் செய்தார். அடிமைகளை வைத்திருந்த தோட்ட முதலாளிகள் அவரை வெறுத்தனர்.

அதே காலத்தில் அவரது சபையின் தலைமை இல்லம் அமைந்த ஓத்தேன் மறைமாவட்டத்து ஆயர், சபையின் முழு ஆளுகையும் தமக்கே உரியது என்று கோரினார். பல நாடுகளில் பரவிய சபை ஒரு மறைமாவட்ட ஆயரின் கைக்குள் அடங்கினால் அதன் பணியே முடங்கும் என்பதை அன்னை உணர்ந்தார். நெருக்குதலின்கீழ் ஒருமுறை ஒப்பமிட்ட புதிய விதிகளைத் தம் மனச்சான்றால் ஏற்க இயலாது என்று அறிவித்தார். இதன் விளைவாகக் கயானாவில் அவருக்குத் திருவருட்சாதனங்கள் மறுக்கப்பட்டன. ஏறத்தாழ ஈராண்டுகள் நற்கருணை இல்லாமல் அவர் வாழ்ந்தார். அறுபது வயதைக் கடந்த ஒரு துறவியை, தாம் நிறுவிய சபையின் ஆலயத்திலேயே, திருவிருந்து இல்லாமல் விட்டனர்.

இங்கேதான் நம் சிந்தனை கூர்மை பெற வேண்டும். அன்னை கீழ்ப்படியாதவரா? திருச்சபை 1950 அக்டோபர் 15இல் அவரை முத்திப்பேறு பெற்றவர் என்று அறிவித்து அதற்கு விடை தந்தது. ஆயர்களின் அதிகாரத்தை அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. திருச்சபையைவிட்டு விலகவுமில்லை, தமக்கென ஒரு கட்சி திரட்டவுமில்லை. தம்மிடம் இறைவன் ஒப்படைத்த பணியைப் பிறிதொரு கையில் கொடுக்க மட்டும் மறுத்தார். அம்மறுப்புக்குரிய விலையைத் தாமே செலுத்தினார். 1851 சூலை மாதத்தில் அவ்வாயர் இறந்த செய்தி வந்தபோது, அவரையும் தம் சபைக்கு நன்மை செய்தோருள் ஒருவராக எண்ணுமாறு சகோதரிகளிடம் கூறினார். சில நாட்களில், சூலை 15இல், அவரும் இறைவனடி சேர்ந்தார். தலைமைச் சங்கத்தின் முன் நின்ற பேதுரு, மனிதருக்குக் கீழ்ப்படிவதைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அறிவித்ததைத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. கசப்பின்றி அதைச் சொல்ல முடியும் என்பதற்கு அன்னையின் வாழ்வு சான்று.

மூன்று வரலாறும் ஒரே கேள்வியும்

ஒருவர் காத்திருந்தார், ஒருவர் இழந்தார், ஒருவர் மறுத்தார். மூவரையும் கீழ்ப்படிந்தவர் என்றே அழைக்கிறோம். செயல்கள் வேறுபட்டாலும் மூவரும் இறைவன் இப்போது என்னிடம் கேட்பது என்ன என்னும் கேள்வியை விடாமல் கேட்டனர். தம் நலத்துக்காக அவர்கள் அக்கேள்வியை வளைக்கவில்லை என்பதற்கு அவர்கள் பட்ட துன்பமே அடையாளம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இவ்வழியில்தான் நம்மை நடத்துகிறது. 1964இல் வெளிவந்த திருச்சபை பற்றிய கொள்கை விளக்கம், பொதுநிலையினர் தம் மேய்ப்பர்களுக்குச் செவிமடுக்க வேண்டும் என்று கூறுவதோடு, திருச்சபையின் நன்மை குறித்துத் தம் கருத்தை எடுத்துரைக்கும் உரிமையும், சில வேளைகளில் கடமையும் அவர்களுக்கு உண்டு என்கிறது. 1965இல் வெளிவந்த துறவற வாழ்வு பற்றிய ஏடு, தலைவர்கள் தம் சகோதரர்களுக்கு மனமுவந்து செவிகொடுக்க வேண்டும் என்று பணிக்கிறது. ஆணையிடுவோர்க்கும் செவி வேண்டும். குருக்களாகிய நமக்கும், குடும்பத் தலைவர்க்கும், தோட்டமும் தொழிற்சாலையும் நடத்துவோர்க்கும் இது பொருந்தும். இறைக்குரலைக் கேட்காத ஒருவர் பிறரிடம் கீழ்ப்படிதலைக் கேட்பது எங்ஙனம் தகும்?

அன்றாட வாழ்வில்

இவையெல்லாம் புனிதர்க்கும் துறவியர்க்கும் உரியவை, நமக்கென்ன என்று எவரும் எண்ண வேண்டாம். ஆண்டவர் இதற்கென்றே ஓர் உவமை சொன்னார். அதுவும் ஒரு தோட்டத்து உவமை. தந்தை இரு மக்களையும் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்கு அனுப்புகிறார். மூத்தவன் மறுத்துப் பேசிவிட்டுப் பின் மனம் மாறிப் போகிறான். இளையவன் பணிவாக இசைந்துவிட்டுப் போகாமலிருக்கிறான். ஞாயிறு திருப்பலியில் நாம் உரக்கச் சொல்லும் 'ஆமென்' திங்கட்கிழமை காலையில் எங்கே போகிறது என்று அவ்வுவமை கேட்கிறது.

காப்பிப் பழத்தை எடைபோடும் தராசில் அது போகலாம். கூலிப் பதிவேட்டில் எழுதும் எண்ணில் போகலாம். மகனுக்குப் பெண் பார்க்கும்போது, சாதியையும் வரதட்சணையையும் குறித்துப் பேசும் பேச்சில் போகலாம். நோயுற்ற மாமியாருக்கு இரவில் எழுந்து தண்ணீர் கொடுக்கும் கையில் அது நிறைவேறலாம். உரிய கூலி கேட்டுப் பிறருக்காக வாய் திறக்கும் ஒரு தொழிலாளியின் துணிவிலும் அது நிறைவேறலாம். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று மட்டும் திருநூலை நினைவில் வைத்திருப்போர், கிறிஸ்துவுக்கு அஞ்சி ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள் என்று எபேசியர் திருமுகம் அதற்கு முன்னரே இருவரையும் கேட்பதை மறந்துவிடக் கூடாது.

இறைத்திருவுளத்தை எவ்வாறு அறிவது என்று பலர் நம்மிடம் வினவுகின்றனர். வானத்திலிருந்து குரல் வருமென்று காத்திருக்க வேண்டியதில்லை. நாள்தோறும் நற்செய்தியில் சிறு பகுதியேனும் வாசித்து, சற்று நேரம் பேசாதிருப்போம். எடுக்கவிருக்கும் முடிவைக் குறித்து மூன்று வினாக்களை நம்மையே கேட்போம். இதனால் நம்மிலும் எளியோர்க்கு நன்மை விளையுமா, தீமை விளையுமா? இதை நம் பிள்ளைகள் முன்னிலையில் வெளிப்படையாகச் செய்ய முடியுமா? இதற்காக எதையேனும் இழக்க நாம் ஆயத்தமா? பின்னர், நம் நலம் விரும்பும் ஞானமுள்ள ஒருவரிடம் கலந்து பேசுவோம். தத்துவ போதகரும் மோன்போர்ட்டும் ஜவுகே அன்னையும் தனியே முடிவெடுத்தவர்கள் அல்லர்.

உடனே பயன் காணவில்லையே என்று சோர்வடையவும் வேண்டாம். ஏற்காட்டுக் காப்பிச் செடி கோடை மழைக்காகக் காத்து நிற்கிறது. மழை பெய்து எட்டு, பத்து நாட்களில் மலையெங்கும் வெண்மலர் பூக்கிறது. அம்மலர் காயாகிப் பழமாகிப் பறிப்புக்கு வர மேலும் எட்டு, ஒன்பது மாதங்கள் செல்லுகின்றன. நாற்று நட்டவரோ முதல் விளைச்சலைக் காணச் சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். உழைக்கும் மக்களுக்கு இப்பொறுமை புதிதன்று. ஆண்டவரிடம் அதைக் காட்டத்தான் நாம் தயங்குகிறோம்.

நாசரேத்து இல்லத்தில் இயேசு தம் பெற்றோருக்குப் பணிந்து நடந்தார் என்று லூக்கா ஒரே வரியில் கூறிவிடுகிறார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டன. தச்சுக் கூடத்தில் கேட்டுப் பழகிய செவியே கெத்சமனித் தோட்டத்திலும் தந்தையின் குரலைக் கேட்டது. நம் அடுக்களையும் அலுவலகமும் தோட்டமும் வயலும் நமக்குத் தரப்பட்ட நாசரேத்து. அங்கே நாம் செவியைப் பழக்குவோமாக. துரைக்கு அஞ்சிக் குனிந்த முதுகுகளை நிமிர்த்துகின்ற தந்தையின் குரல் அங்கே நமக்குக் கேட்கும். அக்குரலைக் கேட்டு நடக்கும் அருளை அவரே நம் குடும்பங்களுக்கு அளிப்பாராக.